மண்பாண்டத்தில் வைக்கப்பட்ட பத்திரம்

தியானப் பகுதி: எரேமியா 32:6–15





இந்த வாரச் சிந்தனைக்கு எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் மூத்தவர்களுக்குச் சற்று வியப்பைத் தரலாம். நம் வாலிபர் கூடுகையில் ஒரு தம்பி கேட்ட கேள்வியே இதற்குக் காரணம். "ஐயா, காசு கொடுத்து இணையத்தில் வாங்கிய வீடியோ கேமை வேறொரு ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து வைக்கலாமா? அது திருட்டாகுமா?" என்று அவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். விளையாட்டைப் பற்றிய கேள்விதானே என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பணம் கொடுத்தபின் எது நம்முடையது, நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டதை எப்படிப் பாதுகாப்பது, அதை யாருக்காகப் பாதுகாப்பது என்னும் மூன்று கேள்விகள் அதற்குள் அடங்கியிருக்கின்றன. பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, வீடும் நிலமும் வைத்திருக்கிற பெரியவர்களுக்கும் உரிய கேள்விகள் இவை.

1. எது நம்முடையது?

குச்சனூரைச் சுற்றியுள்ள வயல்களில் பாடுபடுகிற உங்களுக்குச் சொந்த நிலத்துக்கும் குத்தகை நிலத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டிலும் ஒரே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிறது. இரண்டிலும் ஒரே நாற்று நடப்படுகிறது. பயிர் பச்சையாய் நிற்கும்போது வரப்பில் நின்று பார்க்கிறவருக்கு எது சொந்தம், எது குத்தகை என்று தெரியாது. பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். சொந்த நிலத்தைத் தகப்பன் மகனுக்கு எழுதிவைக்கலாம். குத்தகை நிலத்தைத் தவணை முடிந்ததும் விட்டுவிட்டு வரவேண்டும்; எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும் அதுதான் முறை.

கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு வருகிற தண்ணீருக்குப் பின்னாலும் ஒரு குத்தகைப் பத்திரம் இருக்கிறது. 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் மகாராஜாவின் சார்பிலும் பிரிட்டிஷ் அரசின் சார்பிலும் அது கையெழுத்தானது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை, காலம் 999 ஆண்டுகள். அதன்பின்தான் பென்னிகுவிக் அணையைக் கட்டத் தொடங்கினார். 1895இல் அது நிறைவுபெற்றது. அளவும் காலமும் நிபந்தனையும் எழுத்தில் இருந்தபடியால்தான் அந்த உரிமையின்மேல் நம் முன்னோர் வயல்களைத் திருத்த முடிந்தது.

இப்பொழுது உங்கள் பிள்ளை கணினியில் வாங்குகிற விளையாட்டுக்கு வருவோம். பொத்தானில் "வாங்கு" என்றே எழுதியிருக்கிறது. ஆனால் நாம் வாசிக்காமல் சம்மதம் கொடுக்கிற நீண்ட ஒப்பந்தத்திலோ, நமக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்று எழுதியிருக்கிறது. எளிய தமிழில் சொன்னால் அது குத்தகை. 999 ஆண்டு என்றாவது அதில் எழுதியிருக்கிறதா என்றால், இல்லை. கடைக்காரர் கடை நடத்தும்வரை, நம் கணக்கு செல்லுபடியாகும்வரை, அவ்வளவுதான். இதை மறைக்காமல் சொல்லவேண்டும் என்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டம் இயற்றி, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு "வாங்கு" என்று சொல்கிற கடைகள், இது உரிமம்தான் என்று தெளிவாக அறிவிக்கவேண்டும் என்பது அதன் சாரம். உலகின் பெரிய கணினி விளையாட்டுக் கடையாகிய ஸ்டீம், பணம் செலுத்தும் பக்கத்திலேயே அந்த அறிவிப்பை வைத்திருக்கிறது. வாசிக்கிறவர்கள்தான் குறைவு.

குத்தகை முடியும்போது என்ன நடக்கும் என்பதை நம் பிள்ளைகள் ஏற்கெனவே அனுபவித்திருக்கிறார்கள். 2020 செப்டம்பர் 2 அன்று நடுவண் அரசு பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 செயலிகளுக்குத் தடை விதித்தது. அக்டோபர் 30 அன்று இந்தியருக்கான சர்வர்களும் நிறுத்தப்பட்டன. விளையாட்டுக்குள் காசு கொடுத்து வாங்கிய உடைகளும் ஆயுத அலங்காரங்களும் எட்டாத இடத்துக்குப் போய்விட்டன. 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்னும் பெயரில் அது திரும்பி வந்தபோது, பழைய கணக்கில் இருந்தவற்றை மாற்றிக்கொள்ளக் குறிப்பிட்ட காலம்வரை வாய்ப்பளிக்கப்பட்டது. 2022 ஜூலை இறுதியில் அதுவும் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் மீண்டும் வந்தது. தடை சரியா தவறா என்பது இங்கே என் பொருளல்ல. அந்தப் பொருள்களை ஒரு பிள்ளையும் தன் வீட்டில் நகலெடுத்து வைத்திருக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். அவை அவன் கைப்பேசிக்குள் இருந்ததே இல்லை. எப்போதும் சர்வரில்தான் இருந்தன.

யூபிசாஃப்ட் என்னும் பிரெஞ்சு நிறுவனம் 2014இல் வெளியிட்ட "தி க்ரூ" என்னும் கார் பந்தய விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. கடையில் போய் வட்டு வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களாலும் அதன்பின் விளையாட முடியவில்லை. பெட்டி இருக்கிறது, வட்டு இருக்கிறது, விளையாட்டு இல்லை. நூல்களிலும் இப்படி நடந்ததுண்டு. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், உரிமை இல்லாத ஒருவர் விற்ற ஜார்ஜ் ஆர்வெல்லின் மின்னூல்களை, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பணம் திரும்பி வந்தது, நூல் போய்விட்டது.

எல்லாக் கடைகளும் ஒரே விதமாய் நடந்துகொள்வதில்லை என்பதையும் சொல்லவேண்டும். போலந்து நாட்டின் ஜி.ஓ.ஜி. என்னும் கடை, விளையாட்டை நிறுவும் கோப்பையே பூட்டில்லாமல் கொடுக்கிறது. அதைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் நிறுவலாம். வேறு சில கடைகளில் நகல் எடுக்க வழியிருந்தாலும், அந்த நகலைத் திரும்ப விரிக்கக் கடையின் கணக்குக்குள் நுழைந்தாகவேண்டும். ஆகவே வாங்கும் முன்பே பிள்ளையோடு உட்கார்ந்து கேளுங்கள்: தம்பி, இது சொந்தமா, குத்தகையா? குத்தகைக்கு எடுப்பது பாவமல்ல. குத்தகையைச் சொந்தம் என்று நம்பி அதற்கேற்ற விலையைக் கொடுப்பதுதான் ஞானமில்லாமை.

2. எப்படிப் பாதுகாப்பது?

நம் தியானப் பகுதியைத் திறந்து பாருங்கள். நேபுகாத்நேச்சாரின் சேனை எருசலேமைச் சூழ்ந்திருக்கிறது. எரேமியாவோ காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் உறவினனாகிய அனாமெயேல் வந்து, ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரியின் கைக்குப் போகப்போகிற நிலம். ஆயினும் கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்து, பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து எரேமியா அதை வாங்குகிறார்.

இதில் நான் வியக்கிற காரியம், அவர் அந்தக் கிரயத்தை எவ்வளவு கவனமாய் முடிக்கிறார் என்பதே. பத்திரம் எழுதப்படுகிறது. சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். வெள்ளி தராசில் நிறுக்கப்படுகிறது. ஒரு பத்திரம் முத்திரையிடப்படுகிறது. இன்னொன்று திறந்த பிரதியாய் வைக்கப்படுகிறது. இரண்டையும் அநேக நாள் நிலைத்திருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச்சொல்லிப் பாருக்கிடம் எல்லாருக்கும் முன்பாகக் கட்டளையிடுகிறார். கர்த்தரே வாக்களித்திருக்கும்போது பத்திரம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. விசுவாசம் அவரைக் கவனமற்றவராக்கவில்லை, அதிகக் கவனமுள்ளவராக்கியது.

மண்பாண்டம் எவ்வளவு காலம் காக்கும்? 1947இல் சவக்கடலோரமான கும்ரான் குகைகளில் ஆட்டிடையர் கண்டெடுத்த தோற்சுருள்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழமையானவை. அவற்றுள் ஏசாயாவின் சுருளும் ஒன்று. அது மண்சாடிக்குள் இருந்தது.

இனி நம் வீட்டுக் காரியத்துக்கு வருவோம். கணினியில் விளையாட்டு வாங்குகிறவர்கள் பாதுகாக்கவேண்டியவை மூன்று.

முதலாவது, சான்று. பணம் செலுத்தியபின் மின்னஞ்சலுக்கு வரும் ரசீது, வாங்கிய நாள், எந்தக் கணக்கில் வாங்கினோம் என்பது. கணக்கைத் திரும்ப மீட்கக் கடைகள் கொடுக்கிற குறியீட்டு எண்களைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். பல பிள்ளைகள் தகப்பனாரின் பழைய சிம் எண்ணைக் கொடுத்துக் கணக்குத் திறந்திருக்கிறார்கள். அந்த சிம் இப்போது யாரிடம் இருக்கிறதோ! இந்த வாரமே அதை மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, விளையாட்டின் கோப்புகள். கடை பூட்டில்லாத கோப்பைக் கொடுத்தால் அதைப் பதிவிறக்கி ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். கடையின் செயலி வழியாக மட்டுமே நகலெடுக்க முடியுமானால் அதையும் செய்யலாம்; நம் பக்கத்து இணைய வேகத்தில் மறுபடியும் பதிவிறக்குகிற நேரமாவது மிச்சமாகும். ஆனால் கடை மூடும் நாளில் அந்த நகல் கைகொடுக்கும் என்று நம்பியிருக்கவேண்டாம்.

மூன்றாவது, பிள்ளைகள் "சேவ்" என்று சொல்லுகிற கோப்பு. விளையாடியவர் எதுவரை வந்தார், என்ன கட்டினார், என்ன சேர்த்தார் என்பதெல்லாம் அந்தச் சிறு கோப்பில்தான் இருக்கிறது. விண்டோஸ் கணினியில் பெரும்பாலும் டாக்குமெண்ட்ஸ், சேவ்டு கேம்ஸ், ஆப்டேட்டா ஆகிய இடங்களில் இருக்கும். கடைசியாகச் சொன்னது மறைந்திருக்கும் கோப்புறை என்பதால் தேடித்தான் பார்க்கவேண்டும். கடைக்காரரின் கிளவுடில் தானாகவே சேமிக்கப்படுகிறதே என்று சிலர் நிம்மதியாய் இருக்கிறார்கள். ஒருபக்கம் அழிந்தால் மறுபக்கமும் அழிந்துபோகலாம். கணக்கு போனால் அதுவும் போகும். கிளவுட் ஒரு வசதி. மண்பாண்டம் அது இல்லை.

கணினி வல்லுநர்கள் 3, 2, 1 என்று ஒரு முறையைக் கற்பிக்கிறார்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைக் கருவிகள், ஒன்று வேறு வீட்டில். "வேறு வீட்டில்" என்பதை நம்மவர்கள் தட்டிக்கழிப்பார்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல். நம் விசுவாசத்தைப் போதிக்கிற 16 பக்கச் சிறுநூல். அதில் இன்று அறியப்பட்டிருக்கிற ஒரே பிரதி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அச்சான மண்ணில் ஒன்றும் மிஞ்சவில்லை. தொலைவுக்குப் போனது தப்பியது. ஆகவே ஒரு ஹார்ட் டிஸ்கைச் சித்தப்பா வீட்டிலோ அத்தை வீட்டிலோ கொடுத்து வையுங்கள். ஆண்டுக்கொருமுறை எடுத்து, திறக்கிறதா என்று பாருங்கள். பெட்டிக்குள் பத்திரம் இருக்கிறது என்று இருபது ஆண்டு நிம்மதியாயிருந்து, திறந்தபோது கரையான் அரித்த தூளைக் கண்ட குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டல்லவா?

இப்பொழுது அந்தத் தம்பியின் கேள்வியின் இரண்டாம் பகுதி: இது திருட்டாகுமா?

நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதற்கு விடை சொல்லுகிறது. ஒரு கணினி நிரலை முறைப்படி வைத்திருக்கிறவர், அது தொலைந்தோ கெட்டோ போகாதபடி, தற்காலிகப் பாதுகாப்புக்காக மட்டும் பிரதி எடுத்துக்கொள்வது உரிமை மீறலாகாது என்று அது கூறுகிறது. என்ன பயன்பாட்டுக்காக அது கொடுக்கப்பட்டதோ அதே பயன்பாட்டுக்குத்தான் பிரதி என்றும் வரையறுக்கிறது. ஆகவே பாதுகாப்புக்கு எடுக்கிற நகல் களவல்ல. ஆனால் அந்த நகலைப் பத்து நண்பர்களுக்குப் பென் டிரைவில் போட்டுக் கொடுப்பது களவு. உரிமை மீறுகிற நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கி 2012இல் அதே சட்டத்தில் 65ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறது. "கிராக்" செய்த பிரதியைக் காசில்லாமல் இறக்கிக்கொண்டு, பெரிய கம்பெனிதானே, அவனுக்கு என்ன குறைந்துவிடும் என்று சொல்லாதிருங்கள். எட்டாம் கற்பனை ஏழையின் பொருளுக்கு ஒன்றும் பணக்காரனின் பொருளுக்கு ஒன்றுமாய் எழுதப்படவில்லை. கடைக்காரர் நம்மிடம் முழு உண்மை சொல்லவில்லை என்பதற்காக நாம் பொய்யராகிவிட முடியாது. எரேமியாவைப் பாருங்கள்: நகரம் விழப்போகிற வேளையிலும் வெள்ளியைச் சரியாய் நிறுத்துத்தான் கொடுத்தார்.

3. யாருக்காகப் பாதுகாப்பது?

நம் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு குடும்பத்தைப் பற்றி, அவர்களுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறவர்கள். இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவன் படித்து முடித்துப் பெங்களூருவில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே ஒரு சாலை விபத்தில் அவன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தான். அடக்க ஆராதனை முடிந்து சில வாரங்களுக்குப்பின் அவனுடைய உடைமைகள் ஒரு பெட்டியில் வந்தன. அதில் அவனுடைய லேப்டாப்பும் இருந்தது.

அவன் விரும்பி விளையாடியது "ஸ்டார்டியூ வேலி" என்னும் விளையாட்டு. எரிக் பேரோன் என்னும் ஒரே மனிதர் சில ஆண்டுகள் தனியாக உழைத்து 2016இல் வெளியிட்டது. அலுவலக வேலையில் சோர்ந்துபோன ஒருவன், தாத்தா விட்டுச்சென்ற பழைய பண்ணைக்குத் திரும்பி, களையெடுத்து, விதைத்து, தண்ணீர் ஊற்றி அதைப் பண்படுத்துவதே அதன் கதை. தோட்டத்தை விட்டு அலுவலகத்துக்குப் போன பிள்ளை, இரவில் அறையில் உட்கார்ந்து திரையில் ஒரு தோட்டம் போட்டிருக்கிறான். விடுமுறைக்கு வரும்போது தம்பியையும் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுவானாம்.

அண்ணன் வாங்கிய விளையாட்டுகளைத் தன் பெயருக்கு மாற்றித்தரும்படி தம்பி அந்தக் கடைக்கு எழுதினான். பண்பாகவே பதில் வந்தது: கணக்கு மற்றவருக்கு மாற்றத்தக்கதல்ல, வாங்கியவர் இறந்தாலும் அப்படியே. தாயார் என்னிடம் கேட்டார்கள்: "ஐயா, அவன் சம்பாதிச்ச காசுலதானே வாங்குனான். தம்பிக்குக் குடுத்தா என்ன?" அந்தத் தாய்க்கு உரிமம், ஒப்பந்தம் என்று விளக்கிச் சொல்வது எளிதாயில்லை. குத்தகை நிலம் மாதிரி அம்மா என்றேன். உடனே புரிந்துகொண்டார்கள். புரிந்ததினால் துக்கம் குறைந்துவிடவில்லை.

ஆனால் விளையாட்டு என்பது வேறு, அதில் அவன் உழைத்து உண்டாக்கியது வேறு. விளையாட்டைச் சில நூறு ரூபாய்க்கு இன்றும் வாங்கலாம். அவன் போட்ட தோட்டத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அது அந்த லேப்டாப்பிலேயே, மறைந்த ஒரு கோப்புறைக்குள் இருந்தது. நம் சபை வாலிபர் ஒருவர் தேடியெடுத்து இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் பதிந்து கொடுத்தார். தம்பி தன் பெயரில், தன் காசில் அந்த விளையாட்டை வாங்கி, அண்ணனின் கோப்பை அதற்குள் வைத்தான். திறந்தது. இலையுதிர் காலம், வரிசை வரிசையாய்ப் பூசணி. கடைசியாய் அவன் நிறுத்திய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே நின்றது.

திரையைப் பார்த்த தாயார், "இதெல்லாம் அவன் நட்டதா?" என்று கேட்டார்கள். ஆம் என்றான் தம்பி. "வரிசை அப்பா போடுற மாதிரியே இருக்கு" என்றார்கள். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

அந்தத் தம்பி ஒரு பிரதியைத் தொடுவதேயில்லை. இன்னொன்றில், பரீட்சை இல்லாத நாள்களில், அண்ணன் விட்ட இடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிவருகிறான். ஒன்று முத்திரையிட்டது, ஒன்று திறந்தது. எரேமியாவின் 32ஆம் அதிகாரத்தை அவன் வாசித்துவிட்டு இப்படிச் செய்யவில்லை. அன்புக்குத் தானாகவே தெரிகிற காரியங்கள் உண்டு.

இங்கே உங்களில் சிலர் என்னிடம் கேட்கலாம்: பூச்சியும் துருவும் கெடுக்கிற இடத்தில் பொக்கிஷம் சேர்க்கவேண்டாம் என்று ஆண்டவர் சொன்னாரே, ஹார்ட் டிஸ்க் மேல் ஹார்ட் டிஸ்காகச் சேர்ப்பது அதற்கு விரோதமில்லையா? சரியான கேள்வி. லூக்கா 12ஆம் அதிகாரத்தின் ஐசுவரியவானும் பாதுகாத்து வைக்கிறவன்தான். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாய்க் கட்ட நினைத்தான். எரேமியாவும் பாதுகாத்து வைத்தவர்தான். இருவருக்கும் வேறுபாடு எங்கே? ஐசுவரியவானுடைய யோசனை முழுவதும் தன் ஆத்துமாவோடுதான். என் தானியம், என் பொருள், நான் புசித்து இளைப்பாறுவேன் என்கிறான். அடுத்தவர் ஒருவரும் அவன் பேச்சில் வருவதில்லை. எரேமியாவோ அந்த ஆனதோத்து நிலத்தில் தாம் ஏர் பிடிக்கப்போவதில்லை என்பதை அறிவார். சிறையிருப்பு எழுபது வருஷம் என்று முன்னறிவித்தவரே அவர்தானே. தம் பின்னால் திரும்பி வரப்போகிறவர்கள், இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடுகளும் நிலங்களும் கொள்ளப்படும் என்பதற்கு அடையாளமாய், அந்தப் பாண்டத்தைத் திறந்து பார்க்கும்படிக்கே அவர் அதை வைத்தார்.

இதுவே இந்த வாரம் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிற காரியம். தனக்கென்று குவிப்பது களஞ்சியம். வரப்போகிறவருக்கென்று வைப்பது மண்பாண்டம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். யாருடைய பெயரை நினைத்து மூடுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. ஆயிரம் விளையாட்டுகளைச் சேர்த்து வைத்து ஒன்றையும் தம்பி தங்கையோடு சேர்ந்து விளையாடாத பிள்ளையிடம் இருப்பது களஞ்சியம். ஒரே ஒரு சிறு கோப்பை, இது அண்ணனுடைய கைவேலை என்று காக்கிற பிள்ளையிடம் இருப்பது மண்பாண்டம்.

இன்னொன்றையும் மறவாதிருங்கள். லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் கர்த்தர் தம் ஜனங்களுக்கு, தேசம் தம்முடையது என்றும் அவர்கள் தம்மிடத்தில் பரதேசிகளும் புறக்குடிகளுமாய் இருக்கிறார்கள் என்றும் சொல்லுகிறார். கிரயப்பத்திரமும் பட்டாவும் நம் பெயரில் இருந்தாலும், அவர் பார்வையில் நாம் எல்லாரும் குத்தகைக்காரரே. நம் சரீரமும் ஆயுசும் பிள்ளைகளும் அப்படியே. கணினிக் கடைக்காரரின் ஒப்பந்தம் நம்மைக் கோபப்படுத்துவது இயல்பு; அறிவிப்பில்லாமல் பறித்துக்கொள்ளுகிற குத்தகை அது. நம்முடைய நில உடைமைக்காரரோ அப்படிப்பட்டவர் அல்ல. அவர் வைத்திருக்கிற கணக்கு எந்த நாளும் மூடப்படுவதில்லை. அந்தத் தாய் தன் மூத்த மகனுக்காக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற உயிர்த்தெழுதல் எந்தக் கோப்பிலும் இல்லை. மரித்து உயிர்த்தவரின் கையில் இருக்கிறது. கோப்பு ஒரு நினைவு. அந்தத் தாய்க்கு நம்பிக்கை கிறிஸ்துவே.

ஆகவே அந்தத் தம்பிக்கு என் பதில் இது: நகல் எடு. நேர்மையாய் எடு. யாருக்காக வைக்கிறாய் என்பதை நினைத்து வை.

பெற்றோரே, வருகிற சனிக்கிழமை ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு உட்காருங்கள். விளையாட்டுகளோடு கூட, கைப்பேசியில் இருக்கிற தாத்தாவின் குரல், பாட்டியின் ஜெபம், ஞானஸ்நானப் புகைப்படங்கள் ஆகியவற்றையும் இரண்டு இடங்களில் பதிந்து வையுங்கள். வீட்டில் ஒருவருக்காவது எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவையுங்கள். பாருக்குக்கு எரேமியா சொன்னது மறைவில் அல்ல, எல்லாருக்கும் முன்பாக என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஜெபிப்போம்:

எங்கள் பரலோகப் பிதாவே, எங்களிடத்தில் நீர் ஒப்புவித்த பெரியவைகளுக்காகவும் சிறியவைகளுக்காகவும் உம்மைத் துதிக்கிறோம். எது எங்களுடையது, எது எங்களுக்குச் சில காலம் தரப்பட்டது என்று அறிகிற ஞானத்தைத் தாரும். எங்கள் பிள்ளைகளின் கைகளை நேர்மையுள்ளவைகளாய்க் காத்தருளும். பிரியமானவர்களை இழந்து, அவர்கள் விட்டுச்சென்ற சிறு அடையாளங்களைப் பற்றிக்கொண்டிருக்கிற இல்லங்களை ஆற்றித் தேற்றும். மண்பாண்டங்களாகிய எங்களுக்குள் நீர் வைத்த உம்முடைய பொக்கிஷத்தை, எங்களுக்குப் பின் வருகிறவர்கள் திறந்து பார்க்கும்படி உதவிசெய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.